ஒரு கொக்கும் இருந்தது: குறுந்தொகைப் பாட்டு ஒன்றைக் குறும்படமாக்கிய ஏழு மாதம்

படம் முடிந்துவிட்டது. ஆறு நிமிடம் நாற்பது விநாடி. மூன்று வாரத்து வேலை என்று சொல்லித்தான் எல்லோரையும் கூட்டினேன், ஏழு மாதம் ஆனது. கேமரா தெரிந்தவன் ஒருவன், ஒலிப்பதிவு அரைகுறையாகத் தெரிந்தவன் ஒருவன், நடிக்க நான்கு பேர், எழுத்தும் எடிட்டிங்கும் நான். எங்கெங்கே சறுக்கினோம் என்று மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

எடுத்துக்கொண்டது குறுந்தொகை 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது, மொத்தமே ஐந்து அடி. தலைவி தோழியிடம் பேசுகிறாள். காதலன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். "அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் ஒருவன்தான் இருந்தான். அவனே இல்லையென்று சாதித்தால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் மாதிரி சின்னதாகப் பச்சையாகக் கால்கள், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, ஒரு குருகும் இருந்தது, அவன் என்னைக் கூடிய அன்று." அவ்வளவுதான் பாட்டு. குருகு என்றால் கொக்கு. தோழி என்ன சொன்னாள், அவன் கடைசியில் வந்தானா, ஒன்றும் கிடையாது.

காதல் கதைதான் வேண்டுமென்றால் காப்பியத்தில் ஒன்றைப் பிடித்திருக்கலாமே என்று கேட்டார்கள். காப்பியத்தை எடுத்தால் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும், வெட்டியதையெல்லாம் பார்ப்பவர்கள் தேடுவார்கள். குறுந்தொகையில் பாட்டெல்லாம் பெரும்பாலும் நாலடியிலிருந்து எட்டடிதான், வெட்ட ஒன்றுமில்லை. நிரப்பத்தான் வேண்டும். அது சுலபம் என்று நினைத்தேன். நிரப்பும்போதுதான் நம் சொந்தச் சரக்கு எவ்வளவு மட்டம் என்று தெரிகிறது.

முதல் வரைவைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. குருகுக்குப் பதில் சிசிடிவி கேமரா. கம்பத்தின் உச்சியில் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒற்றைக்காலில், யாருக்கும் தெரியாமல் பார்க்கிறது. சொன்ன இடத்திலெல்லாம் "செமடா" என்றார்கள். நானும் அந்த மிதப்பிலேயே பதினோரு பக்கம் எழுதிவிட்டேன். அவள் அந்தப் பதிவைத் தேடிப் போகிறாள், டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும் என்கிறார்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருக்காது என்கிறார்கள், ஓடுகிறாள், கெஞ்சுகிறாள், காவலாளி மறுக்கிறார். எழுதும்போது விறுவிறுவென்று இருந்தது. வாசித்துக் காட்டியபோது தோழியாக நடிக்க வந்த பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டுல அவ எங்க சாட்சி தேடுறா?"

தேடவில்லை. சாட்சி கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கொக்கைச் சொல்கிறாள். சிசிடிவி வந்ததும் கதை துப்பறியும் கதையாகிவிட்டது, பதிவு கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் பார்ப்பவர் மனதில் ஓடும். அதைவிட அடிப்படையான தப்பு ஒன்று இருந்தது. கேமராவுக்கு இவர்களைப் பார்ப்பதுதான் வேலை. குருகு இவர்களைப் பார்க்கவே இல்லை, அது மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆரல் பார்க்கும் குருகு" என்று கபிலர் போட்டது சும்மா இல்லை. ஆரல் சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கிற, பாம்பு போல நீண்ட மீன். அது வெளியே தலைகாட்டுகிற நொடியில் கொத்தவேண்டும். குருகு கண்ணை எடுத்தால் அன்றைக்குப் பட்டினி. அங்கே இருந்த ஒரே உயிருக்கும் தன் வயிற்றுப்பாடு இருந்தது, அதனால் அது பார்க்கவில்லை. இந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நவீனமாக்கி என்ன பயன்? பதினோரு பக்கமும் போயிற்று.

இரண்டு மாதம் வேறு ஆளைத் தேடினோம். இட்லிக் கடைக்காரர், மீன்பிடிக்கிற தாத்தா, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர். ஒருவரும் பொருந்தவில்லை. கடைசியில் ஒருநாள் சாயங்காலம் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஒரு டெலிவரி தம்பி வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரில் மாட்டிய போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். ஆர்டர் வந்து சத்தம் போட்டால் சில விநாடிக்குள் ஏற்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பின்னால் ஒரு ஜோடி சண்டை போட்டு, அழுது, சமாதானமாகி எழுந்துகூடப் போய்விட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. நான் கேமராக்காரனுக்குப் போன் போட்டு "குருகு கிடைச்சுருச்சுடா" என்றேன். அவன் பறவை என்று நினைத்து லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த முடிச்சு, இந்தக் காலத்தில் சாட்சி இல்லாமல் எப்படிக் காதலிப்பது என்பது. போட்டோ, அரட்டை, கால் பட்டியல், பணம் அனுப்பிய கணக்கு என்று எங்கே தொட்டாலும் தடயம். போன் தொலைந்துவிட்டது என்று வைத்தால் அது நாடகம். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறைகிற வசதிக்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு உண்டு. எங்கள் கதையில் அவன் முதல் வாரமே 24 மணி நேரத்தைப் போட்டுவிட்டான், "வீட்ல யாராச்சும் பாத்துருவாங்க, உனக்காகத்தான்" என்று சொல்லி. அவளுக்கு அப்போது அது அக்கறையாகப் பட்டது. இப்போது திறந்து பார்த்தால் அரட்டை முழுக்கக் காலி, மறையும் செய்திகளை அவன் இயக்கினான் என்ற அறிவிப்பு மட்டும் மேலே நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. போன் திரையைக் காட்டவே இல்லை. அவள் தோழிக்கு அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டுகிறாள், அவ்வளவு போதுமாக இருந்தது.

பாட்டில் ரொம்ப நாள் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்தத் தினைத்தாள். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல வந்தவள் கொக்கின் காலைப் பற்றி எதற்குச் சொல்கிறாள்? பாட்டில் தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, குருகு இருக்கிறது, ஆனாலும் இது குறிஞ்சித் திணைப் பாட்டு, அதாவது மலைநிலத்துப் பாட்டு. தினை குறிஞ்சியின் பயிர். என் வாசிப்பு இது: தினைப்புனம் காத்துப் பழகிய கண்ணுக்குத்தான் கொக்கின் காலைப் பார்த்ததும் தினைத்தாள் தோன்றும். யார் பேசுகிறாள் என்பது அந்த உவமையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் கண் எங்கே போயிற்று என்பதும் இருக்கிறது. அப்படியானால் எங்கள் கதைப் பெண்ணுக்கு என்ன தொழில் என்று முடிவு செய்யாமல் அவள் எதைப் பார்த்தாள் என்று எழுத முடியாது. அதுவரை அவள் "ஐடியில் வேலை செய்கிற பெண்". எல்லாக் குறும்படத்திலும் அப்படித்தானே இருக்கிறார்கள்.

அவளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளாக்கினோம். உடனே பதில் தானாக வந்தது. கம்பத்தடியில் நின்ற ஆளின் கண்ணாடியில், காதில் மாட்டுகிற கம்பி உடைந்து, பச்சை எலக்ட்ரிக் ஒயரைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. அதை அவள்தான் கவனிப்பாள். காதலன் கையைப் பிடித்து என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே "நூறு ரூபாய்க்குள்ள மாத்திக்கலாமே" என்று நினைத்திருப்பாள். பச்சை ஒயர் என்றது பாட்டில் வரும் "சிறுபசுங்கால்" என்பதற்காகத்தான், அது யாருக்கும் தெரியவேண்டியதில்லை. பட்டினத்துக் கதையில் கொக்கின் காலுக்கு இதைவிடக் கிட்டத்தில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பெயர் வைக்கவில்லை. காதலைப் பாடும் அகத்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியத்து விதி. நாங்கள் அதைப் பின்பற்றியது இலக்கணப் பற்றால் இல்லை, பெயர் வைத்தாலே சாதி, மதம், ஊர் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஷூட்டிங் அட்டவணையில் அவள், தோழி, அவன், குருகு என்றுதான் இருக்கும். குருகாக நடித்தவரை இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். "அவன்" நடித்தவனுக்குத்தான் கோபம். படம் முழுக்க அவன் தோளும் ஹெல்மெட்டும் மட்டும்தான் தெரியும். பாட்டில் அவனுக்குப் பேச்சே இல்லையே என்றேன். "அப்ப கபிலர்கிட்ட சம்பளம் வாங்கிக்கிறேன்" என்றான்.

இனி எடுத்த கதை. கரைக் காட்சி முழுக்கச் சூரியன் இறங்கியபின், கம்ப விளக்கு எரிந்தும் வானத்தில் நீலம் மிச்சமிருக்கிற நேரத்தில் வேண்டும். நம் பக்கம் அது இருபது நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். முதல் நாள் வெயில் இருக்கும்போதே போய், ஏரியில் நின்ற மடையான் கொக்கை எடுத்துவைத்துக்கொள்வோம் என்று விநாடிக்கு 60 பிரேமில், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழுகிற நேரம்) விநாடியில் 120இல் ஒன்று வைத்து எடுத்தோம். அப்புறம் அவசர அவசரமாக நடிகர்களை நிறுத்தி, பிரேமை மட்டும் 24க்கு மாற்றி, ஷட்டரை மாற்ற மறந்தோம். கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் முகத்தின் மேல் பட்டை பட்டையாக இருட்டு ஏறி இறங்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை மங்கி எரியும். ஷட்டர் 50இல் ஒன்றோ 100இல் ஒன்றோ இருந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும், 120 வைத்தால் விழாது. கேமராக் கையேட்டில் 24 பிரேமுக்கு 48இல் ஒன்று என்றுதான் இருக்கும், அதையும் நம்ப வேண்டாம், 50 வையுங்கள். பட்டையை அகற்றுகிற மென்பொருளில் போட்டுப் பார்த்தோம், முகம் மெழுகு பொம்மை போல ஆனது. ஒரு சாயங்காலம் மொத்தமாகப் போயிற்று.

இரண்டாம் நாள் காற்று. மைக்குக்கு ரோமப் போர்வை வாங்கக் காசில்லாமல் ஒலிப்பதிவுக்காரன் ஒரு கரடிப் பொம்மையை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தான். நன்றாகவே வேலை செய்தது, ஆனால் பிரேமுக்கு மேலே கரடிக் காது தெரிந்த டேக்குகள் இரண்டு உண்டு. குருகின் முகத்தில் போன் வெளிச்சம் விழவேண்டும் என்பது என் பிடிவாதம். போன் திரையின் வெளிச்சம் கேமராவுக்குப் போதவே போதாது. வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் முழு வெளிச்சத்தில் வைத்தோம் (வெளிச்சத்தைக் குறைத்தால் சில திரைகள் கேமராவில் துடிக்கும்), போனுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு எல்இடி ஒன்றை டிஷ்யூ தாள் சுற்றி ஒட்டினோம். கண்ணாடியில் அது வெள்ளைக் கட்டமாகப் பிரதிபலித்தது. முதலில் அதை மறைக்கப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். கண் தெரியாமல் கட்டம் மட்டும் தெரிவது நல்லதாகத்தான் இருந்தது.

அந்த மடையானைப் பற்றிச் சொல்லவேண்டும். குருகு என்றால் எந்தப் பறவை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கும் கால் கறுப்புத்தான். மடையானுக்குத்தான் மங்கலான பச்சைக் கால். அதனால் எனக்கு அது மடையான்தான். நிற்கும்போது சேற்று நிறம், இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது, குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். பறக்கும்போதுதான் இறக்கை விரிந்து வெள்ளையாகும். நாற்பது நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது கிளம்புகிற நொடியை எடுத்தோம். இதுவரை நான் எடுத்ததிலேயே அழகான ஷாட் அது. படத்தில் இல்லை.

இல்லாமல் போனது எடிட்டிங்கில். முதல் வெட்டு பதினான்கு நிமிடம் வந்தது. அதில் குருகாக நடித்தவர் முகம், மடையான், மறுபடி அவர் முகம், மறுபடி மடையான் என்று அடுக்கியிருந்தேன். ஒருவாரம் கழித்துப் பார்த்தபோது வகுப்பில் வாத்தியார் பலகையில் சமக்குறி போடுவது மாதிரி இருந்தது. "இவர்தான் கொக்கு, புரிந்ததா?" பறவையை எடுத்தேன். ஆளை நம்புவதென்றால் முழுக்க நம்பவேண்டும்.

மிச்சமெல்லாம் தோழி வீட்டு அறைதான். இங்கே பட்டபாடு வேறு. ஃபேனை நிறுத்தினோம், பிரிட்ஜை நிறுத்தினோம் (திரும்பப் போட மறக்காமல் இருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது வழக்கம்), பக்கத்து வீட்டுக் குக்கரைத்தான் நிறுத்த முடியவில்லை. யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிந்துகொண்டோம். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது இல்லாவிட்டால் செத்தோம்.

வசனத்தில் முதலில் சறுக்கியது "கள்வன்" என்ற சொல்லில். பாட்டில் அதில் கசப்பு இருக்கிறது. இன்றைக்குப் பேச்சில் "திருடன்" என்று ஒரு பெண் சொன்னால் கொஞ்சுகிறாள் என்றுதான் காதில் விழும், சினிமாப் பாட்டுக்காரர்கள் அந்தச் சொல்லை அப்படிப் பழக்கிவிட்டார்கள். "ஏமாத்துக்காரன்" சீரியலாக இருந்தது. விட்டுவிட்டு "அவன் ஒருத்தன்தான் இருந்தான்" என்று மட்டும் வைத்தோம். "ஒருத்தன்தான்" என்பதிலேயே பாதிக் கசப்பு இறங்கிவிடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், இன்னும் முழுச் சமாதானம் இல்லை.

கடைசிக் காட்சி இப்படி. காலிங்பெல் அடிக்கிறது. தோழி உள்ளே ஏதோ வேலையாக இருக்க, அவள் போய்க் கதவைத் திறக்கிறாள். பார்சலோடு நிற்பவரின் கண்ணாடியில் பச்சை ஒயர். அவருக்கு அவளைத் தெரியவில்லை, எப்படித் தெரியும். போனைப் பார்த்தபடியே "ஓடிபி சொல்லுங்கக்கா" என்கிறார். ஒரு பார்சலைக் கொடுத்ததற்கு நாலு எண் அத்தாட்சி வேண்டும். அவள் உள்ளே திரும்பி எண் கேட்கிறாள், தோழி சொல்கிறாள், இவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்கிறாள். அவர் படியிறங்கிப் போகிறார். அவள் கதவைச் சாத்தாமல் நின்றபடி சொல்லவேண்டிய வரி ஒன்றே ஒன்று: "அன்னைக்கு இவரும் இருந்தாரு."

பதினோரு டேக். முதல் ஆறிலும் அவள் வாயில் "இவர்தான் இருந்தாரு" என்றே வந்தது. பேச்சில் அதுதான் இயல்பாக வரும், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "இவர்தான்" என்றால் சாட்சி கிடைத்துவிட்டது என்று ஆகிறது, அடுத்து அவள் படியிறங்கி ஓடவேண்டும். "இவரும்" என்றால் ஆள் இருந்தார், இருந்தும் ஒன்றுமில்லை. "குருகும் உண்டு" என்பதில் இருக்கிற அந்த உம்முக்காகத்தான் நான் இந்தப் பாட்டையே எடுத்தேன், அதை அவளுக்கு விளக்கி விளக்கி நடிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது டேக்குக்குப் பிறகு தோழியாக நடித்தவள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. ஒன்பதாவது டேக்கில் அவள் அதைக் கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே சொன்னாள், "உம்"மில் மட்டும் குரல் கீழே இறங்கியது. படத்தில் இருப்பது அதுதான். அடியில் லேசாகக் குக்கர் விசில் கேட்கும், எடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தோழி பதில் சொல்கிற மாதிரி ஒரு வசனம், அவன் அழைக்கிற போன் மணி, ஏரி என்று மூன்று முடிவு எடுத்திருந்தோம். மூன்றையும் தூக்கிவிட்டேன். பாட்டும் அங்கேதான் நிற்கிறது.

நிறத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேமராக்காரன் ஒன்றைக் கண்டுபிடித்தான். மூன்றாம் நாள் எடுத்த கரை ஷாட்டில் குருகின் இடது தோளுக்குப் பின்னால், போகஸுக்கு வெளியே, கோரையோரத்தில் ஒரு மண்திட்டு மாதிரி ஏதோ இருக்கிறது. ஷாட் முடிகிற சமயம் அது சட்டென்று வெள்ளையாகிக் கிளம்பிப் போகிறது. எடுக்கும்போது ஆறு பேர் நின்றோம், ஒருவரும் பார்க்கவில்லை. நானும் எத்தனையோ முறை வெட்டி ஒட்டிய ஷாட் அது. அப்படியே விட்டுவைத்தோம், வெளிச்சம்கூடக் கூட்டவில்லை.

போன வாரம் எங்கள் பழைய தமிழாசிரியர் வீட்டில் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாஞ் சரி, கொக்கை விட்டுட்டியே?" என்றார். ரெண்டாம் நிமிடத்துல தோளுக்குப் பின்னால இருக்கு சார் என்றேன். ஓட்டிப் போடச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது டெலிவரி தம்பியின் முகத்தை. "எங்க?" என்றார். மூன்றாவது தடவை ஓட்டும்போது பேட்டரி தீர்ந்து மடிக்கணினி அணைந்துவிட்டது.